பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்கு நம்பகமான வெளிக் கம்பனி மெகசின் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பண்டாரவளையில் என் மாமாவிடம் ஒரு பழைய பிர்னோ மொடல் 2 ரைஃபிள் இருக்கிறது. போல்ட் அக்ஷன், அதாவது ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற ரகம், .22 லாங் ரைஃபிள் ரவை (தோட்டா) போடுவது, தோட்டத்து ஃபெக்டரியில் டீ மேக்கராக இருந்த காலத்தில் முறையாக லைசன்ஸ் எடுத்து வாங்கியது. துவக்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு இருந்த ஒரே மெகசின், ஐந்து ரவை பிடிக்கும் அந்தச் சின்னத் தகரக் கூடு, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ரவை மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும், மாமா போல்ட்டைப் பின்னால் இழுத்து விரலால் தட்டிவிட்டு மறுபடி தள்ளுவார். "துவக்குக்கு வயசு போச்சு மருமகனே, கச்சேரியில ஒப்படைச்சிருவமா?" என்று கேட்டார். கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்.

வயது போனது துவக்குக்கு இல்லை மாமா, மெகசினுக்கு என்று சொல்லி அதை வாங்கிப் பார்த்தேன். நான் லேத் பட்டறைக்காரன், தேயிலை ரோலர் பாகங்களும் ட்ராக்டர் புஷ்களும் கடைவதுதான் பிழைப்பு, அதனால் தகரமும் ஸ்பிரிங்கும் எனக்குப் பழக்கம். அதன் பிறகு மாமாவுக்காகவும், அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் டார்கெட் சுடுகிற சொந்தக்காரப் பையன்கள் கேட்டதற்காகவும் இந்த விஷயத்தில் நிறையத் தோண்ட வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கச்சேரி, அப்புறம் கடை

இலங்கையில் துவக்கு விஷயம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. லைசன்ஸ் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மெகசின் வெறும் தகரப் பெட்டிதானே என்று நினைக்காதீர்கள், அதைத் துவக்கின் ஒரு பாகமாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். வாங்குவதற்கு முன்னால் உங்கள் லைசன்ஸைக் கொடுத்த அலுவலகத்துக்கே லைசன்ஸோடு போய், இன்ன துவக்குக்கு இன்ன மெகசின், இத்தனை ரவை பிடிப்பது, மாற்றாக வாங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கி லைசன்ஸோடு சேர்த்து வையுங்கள். பிறகு லைசன்ஸ் உள்ள துவக்குக் கடை மூலமாக வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டொரொண்டோவிலிருந்து கல்யாணத்துக்கு வருகிற மச்சானிடம் "வரும்போது பையில ஒண்ணு போட்டுக்கிட்டு வா" என்று சொல்லாதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்து ஸ்கேனரில் அது தெரியும்போது அந்தப் பிள்ளையின் பயணமே நாசமாகும். பார்சலில் வரவழைப்பதும் அதே கதைதான், அதோடு அமெரிக்க இணையக் கடைகள் பெரும்பாலும் துவக்குப் பாகங்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அந்தந்த நாட்டுச் சட்டம் வேறு வேறு. கனடாவில் ரூகர் கம்பனியின் 10/22 ரைஃபிளுக்குப் பத்து ரவைக்கு மேல் பிடிக்கும் மெகசின் தடை, ஏனென்றால் அதே மெகசின் அந்தக் கம்பனியின் கைத்துப்பாக்கி ஒன்றிலும் உட்காரும். அவுஸ்திரேலியாவில் தானாக லோட் ஆகும் ரிம்ஃபயர் (.22 மாதிரி விளிம்பில் தீப்பற்றும் ரவை போடும்) ரைஃபிள் லைசன்ஸில் சி பிரிவு, அதுவும் பத்து ரவை வரைக்கும்தான், அந்த லைசன்ஸ் டார்கெட் சுடும் சாதாரண ஆளுக்குச் சுலபமாகக் கிடைக்காது. இணையத்தில் ஒரு அமெரிக்கர் புகழ்கிற மெகசின் உங்கள் ஊரில் வைத்திருக்கவே கூடாத சாமானாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துவக்கு எது என்று சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

"பாயிண்ட் டூ டூவுக்கு மெகசின் வேணும்" என்று கேட்பது "வேனுக்கு டயர் வேணும்" என்று கேட்பது மாதிரி. கம்பனி, மொடல், ரவையின் முழுப் பெயர், இந்த மூன்றும் வேண்டும். .22 லாங் ரைஃபிள் ரவையின் மொத்த நீளம் 25.4 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, .22 மெக்னம் 34 மில்லிமீட்டருக்குக் கிட்ட. .17 எச்எம்ஆர் ரவை மெக்னத்திலிருந்து பிறந்தது, அதனால் அதுவும் அந்த நீளம்தான். ஆகவே லாங் ரைஃபிள் கூட்டில் மெக்னம் ரவை நுழையாது. மெக்னம் கூட்டை லாங் ரைஃபிளுக்கு மாற்றப் பார்ப்பதும் வீண் வேலை.

சில துவக்குகளுக்குக் கழற்றும் மெகசினே கிடையாது. மார்லின் 60 மாதிரி குழலுக்குக் கீழே நீளக் குழாயில் ரவை போடுகிறவை அந்த ரகம், அவர்கள் இந்தக் கட்டுரையில் துப்புரவு பற்றிய கடைசிப் பகுதியை மட்டும் படித்தால் போதும். மாமாவைப் போலப் பழைய பிர்னோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. பிர்னோ மொடல் 1, மொடல் 2, அதற்குப் பின் வந்த சீசெட் (CZ) 452, 455, 457 எல்லாம் ஒரே குடும்பம், மெகசின் அமைப்பும் ஒன்றேதான். இன்றைக்குப் புதிதாக வருகிற சீசெட் மெகசின் பெரும்பாலும் அந்தப் பழைய துவக்கில் அப்படியே உட்காரும். ஐந்து, பத்து என்று இரண்டு அளவில் வருகிறது. ஒற்றை ரவையாகப் போட்டுச் சுட ஒரு அடாப்டரும் உண்டு, டார்கெட் மட்டும் சுடுகிறவருக்கு அது போதும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள்காரர்களே ஒவ்வொரு ரவையாகக் கையால் போட்டுத்தான் சுடுகிறார்கள்.

இந்தச் சின்ன ரவைக்கு ஏன் இத்தனை வம்பு

இதைப் புரிந்துகொண்டால் பாதி மெகசின்களைக் கடையில் பார்த்தவுடனேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். .22 லாங் ரைஃபிள் 1887 முதல் இருக்கிற ரவை, அந்தக் காலத்து வடிவம் இன்றும் அப்படியே. அதன் அடியில் உடம்பை விடப் பெரிய விளிம்பு இருக்கிறது. உடம்பு 5.7 மில்லிமீட்டர், விளிம்பு கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர், தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு ரவையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறி உட்கார்ந்தால் போல்ட் மேல் ரவையைத் தள்ளும்போது கீழ் ரவையின் விளிம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மெகசின் சாய்ந்தோ வளைந்தோ இருப்பது அழகுக்காக இல்லை, விளிம்புகளைப் படிப்படியாக உட்கார வைக்கத்தான்.

அடுத்தது, இதன் ஈயக் குண்டு பித்தளைக் கூட்டின் அதே பருமன், கூட்டுக்கு வெளியே நின்று மெழுகோ எண்ணெயோ பூசிக்கொண்டு இருக்கும். ஈயம் மெத்து. கூர்மையான தகர ஓரம் ஒன்று இருந்தால் போதும், அது ஈயத்தைச் சுரண்டி, சுரண்டின தூள் மெழுகோடு சேர்ந்து களிம்பாகி, அந்தக் களிம்பு மெகசின் உள்ளே அடைந்துகொள்ளும். பெரிய ரைஃபிளின் செம்பு உறை போட்ட குண்டு சமாளித்துக்கொண்டு போகிற இடத்தில் இது நின்றுவிடும்.

ரூகர் 10/22, 1964இல் வந்தபோது இந்த விளிம்புப் பிரச்சினைக்கு வேறு வழி பிடித்தார்கள். பத்து ரவையும் ஒரு சுழலும் உருளையைச் சுற்றி, ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் உட்காரும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றோடு மோதவே மோதாது, ரவை வெளியேறும் வாயும் உலோகம். என்னைக் கேட்டால் ரிம்ஃபயருக்குச் செய்த மெகசின்களில் இதுதான் புத்திசாலித்தனமானது.

கம்பனி மெகசின் கிடைத்தால் வேறு தேடாதீர்கள்

இதைச் சொன்னால் பலருக்குக் கசக்கும். ஆனாலும் துவக்குச் செய்த கம்பனியே செய்த மெகசின் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது என்றால் அதை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ரூகரின் பீஎக்ஸ்-1, சீசெட்டின் பிளாஸ்டிக் மெகசின் இரண்டும் அப்படிப்பட்டவை. வெளிக் கம்பனி மெகசினுக்குப் போக எனக்குத் தெரிந்து மூன்று நியாயம்தான் உண்டு: துவக்கு பழசாகிக் கம்பனி அந்த மெகசின் செய்வதை நிறுத்திவிட்டது, அல்லது கம்பனிச் சாமான் உங்கள் நாட்டுக்கு வருவதே இல்லை, அல்லது கம்பனி மெகசினில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை இருந்து அதை வெளிக் கம்பனி ஒன்று சரி செய்திருக்கிறது. நிறைய ரவை பிடிக்கும் என்பது நியாயம் இல்லை. ஸ்பிரிங் நீளமாக நீளமாக, அடுக்கு உயர உயர, கோளாறுக்கு இடம் கூடிக்கொண்டே போகும். பேப்பர் டார்கெட்டுக்குப் பத்துக்கு மேல் எதற்கு?

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பக்கம் பன்றி வருகிறது, அதற்குத்தான் வேகமாகச் சுட நல்ல மெகசின் வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இந்த ரவை பன்றிக்கு ஆகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடிப் போய்க் கிடந்து சாகும், அல்லது காயத்தோடு கொழுந்து எடுக்கிற பெண்கள் நிற்கும் மலைக்குள் பாயும். அதற்கு நான் மெகசின் பார்த்துத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கும்போது கண், விரல், வேர்னியர்

முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், மூன்று சேர்ந்தால் மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும் சரி. நான் செய்த முட்டாள்தனம் அதுதான். மாமாவுக்காக ஒரு வெளிக் கம்பனி மெகசின் இரண்டை ஒன்றாக எடுத்தேன், பெட்டி அழகு, பளபளப்பு அழகு. ஒன்று முதல் நாளே கடைசி ரவையை மேலே தள்ளாமல் நின்றது, மற்றது துவக்குக்குள் போய் வெளியே வர மறுத்தது.

கடையிலேயே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். வாய் உதடு, அதாவது மேல் ரவையைப் பிடித்து நிறுத்தும் வளைந்த ஓரம், இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே உயரம், ஒரே வளைவாக இருக்க வேண்டும். நகத்தை உதட்டின் உள் ஓரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நகம் சீவினால் ஈயமும் சீவும். தள்ளுத்தட்டை, அதாவது ரவையை மேலே தூக்கும் அந்தத் தட்டை, பென்சிலால் அடி வரை அழுத்தி விடுங்கள், பிறகு வேண்டுமென்றே ஒரு மூலையை மட்டும் அழுத்தி விடுங்கள். இரண்டு முறையும் அது நடுவில் சிக்காமல் மேலே வர வேண்டும். மூலையை அழுத்தியபோது சாய்ந்து நின்றுகொண்டால் அந்த மெகசினை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ரவை மூக்குக் குத்துகிற வியாதி அதில் பிறவியிலேயே இருக்கிறது.

தகர மெகசின் என்றால் ஒட்டு வெல்டிங்கைப் பாருங்கள், உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. பிளாஸ்டிக் என்றால் அச்சு சேர்ந்த கோடு தள்ளுத்தட்டு ஓடும் பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்தட்டு கழற்ற முடிகிறதா? முடியாதென்றால் துப்புரவு செய்ய முடியாது, நம் ஊர் ஈரத்துக்கு அது சரிவராது.

அப்புறம் வேர்னியர், நுணுக்கமாக அளக்கிற கருவி. உங்களிடம் நன்றாக வேலை செய்கிற, அல்லது ஒரு காலத்தில் வேலை செய்த கம்பனி மெகசின் இருந்தால் அதில் நான்கு அளவு எடுங்கள்: உதடுகளுக்கு இடையே முன்பக்க அகலம், பின்பக்க அகலம், பூட்டு நாக்கு பிடிக்கும் வெட்டிலிருந்து உதட்டு உச்சி வரை உயரம், உடம்பின் வெளிப் பருமன். அதே நான்கையும் புதியதில் எடுங்கள். உயரம் முக்கியமானது. குறைந்தால் போல்ட் ரவையின் மேலே வழுக்கிக்கொண்டு போகும், கூடினால் ரவை, குழலின் பின்முனையில் அது உட்கார வேண்டிய அறையின் மேல் விளிம்பில் போய் முட்டும். மாமாவின் பழைய மெகசினை அப்படி அளந்தபோதுதான் ஒரு உதடு மட்டும் விரிந்திருந்தது தெரிந்தது. குறடு எடுத்து நெருக்கிவிடலாம் என்று கை பரபரத்தது, உண்மைதான். செய்யாதீர்கள். வெப்பப் பதம் ஏற்றிய தகரம் அது. ஒரு தடவை வளைத்தால் இன்னொரு தடவை தானாக வளையும், கொஞ்ச நாளில் வெடிக்கும்.

வீட்டில் டம்மி, ரேஞ்சில் உண்மை

மேசையில் உண்மை ரவை ஒன்றும் இருக்கக் கூடாது. அடுத்த அறையில் பூட்டி வையுங்கள். துவக்கின் அறை காலி என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். இதற்கென்றே .22 அளவில் பிளாஸ்டிக் டம்மி ரவை கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டை டம்மியாகப் போடாதீர்கள், அதற்கு மூக்கு இல்லாததால் மெகசின் சோதனைக்கு உதவாது.

காலி மெகசினை முதலில் இருபது தடவை போட்டு எடுங்கள். கிளிக் என்று சத்தம் கேட்க வேண்டும், பூட்டை அமுக்கினால் தானாக விழவோ லேசாக இழுத்தால் வரவோ வேண்டும். பிறகு டம்மியை முழுக்க நிரப்பி போல்ட்டை ஒரு சுற்று மெதுவாகவும் ஒரு சுற்று வேகமாகவும் ஓட்டுங்கள். மெதுவாக ஓட்டும்போது எங்கே உரசுகிறது என்று கையே சொல்லும். போல்ட் அக்ஷனுக்கு இந்தச் சோதனையிலேயே முக்கால்வாசி உண்மை வந்துவிடும். தானாக லோட் ஆகும் துவக்குக்கு இது போதாது, அது சுட்டால்தான் ஓடும்.

ரேஞ்சுக்குப் போகும்முன் மெகசின் அடியில் பெயின்ட் மார்க்கரால் எண் போடுங்கள். 1, 2, 3, அவ்வளவுதான். ஒரு கொப்பியில் தேதி, மெகசின் எண், ரவை வகை, எத்தனை சுட்டது, எத்தனையாவதில் நின்றது என்று எழுதுங்கள். ரவை இங்கே அருமையான சாமான், கைநிறையக் கொட்டிச் சுடுகிற ஊர் இல்லை இது, அதனால் நான் ஒரு மெகசினுக்கு ஐம்பது ரவை என்று வைத்திருக்கிறேன். ஐம்பதில் ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் அது வேலைக்கு ஆகும். ஒன்று நின்றால் துடைத்துவிட்டு இன்னொரு ஐம்பது. இரண்டு நின்றால் அதற்கு மேல் ரவையை வீணாக்காமல் கடைக்குத் திருப்பிவிடுங்கள், பில்லை வைத்திருப்பது அதற்குத்தான்.

நின்ற விதத்தைப் படிக்கப் பழக வேண்டும். ரவை மூக்குக் கீழே குத்தி நின்றால் ஸ்பிரிங் சோர்வு, அல்லது தள்ளுத்தட்டு சாய்கிறது. மூக்கு அறைக்கு மேலே முட்டினால் உதடு விரிந்திருக்கிறது, அல்லது மெகசின் உயரமாக உட்காருகிறது. இரண்டு ரவை ஒரே நேரத்தில் வெளியே வந்தால் சந்தேகமே இல்லை, உதடுதான். கடைசி ரவை மட்டும் ஏறாவிட்டால் ஸ்பிரிங்கில் பலம் போதவில்லை. நிரப்பும்போதே விளிம்பு விளிம்பில் சிக்கினால் நீங்கள் ரவையை நேராகக் கீழே அமுக்குகிறீர்கள், சாய்த்துப் பின்னால் வழுக்கிவிட வேண்டும், அது மெகசினின் குற்றம் இல்லை.

எண் போட்டதன் பலன் இங்கேதான் தெரியும். 2ஆம் நம்பரில் மட்டும் நிற்கிறது என்றால் 2ஆம் நம்பர் கெட்டது. எல்லா நம்பரிலும் நிற்கிறது என்றால் மெகசினைத் திட்டாதீர்கள். அறை அழுக்காக இருக்கும், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருக்கும், அல்லது ரவை துவக்குக்கு ஒத்துவரவில்லை. தானாக லோட் ஆகும் .22 துவக்குகள் சத்தம் குறைந்த மெதுவான ரவையில் பல நேரம் போல்ட்டை முழுக்கப் பின்னால் தள்ளாது. மெல்பர்னில் இருக்கிற பையன் ஒருவன் கிளப்பில் ஒருவரின் 10/22 நிற்கிறதென்று அவருக்காக மூன்று மெகசின் பார்த்துக் கொடுத்திருந்தான், கடைசியில் ரவைப் பெட்டியை மாற்றியதும் ஓடியது.

மலை ஈரமும் மெகசினும்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை தொடங்கினால் துணியே ஒரு வாரம் காயாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்த காற்று, ஆனால் வருடக் கடைசியில் எங்களுக்கும் மழைதான். தகர மெகசின் இந்தக் காற்றில் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே கறுப்புப் பூச்சு அப்படியே இருக்கும். இங்கே தகரமா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், உதடு நன்றாக இருக்கிற பட்சத்தில் பிளாஸ்டிக் என்றுதான் சொல்வேன். ஸ்பிரிங் மட்டும் எப்படியும் இரும்புதான்.

மாதம் ஒருமுறை அடித்தட்டைக் கழற்றுங்கள், ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் தட்டு சாயும். சுழல் உருளை மெகசினைப் பிரிக்கும்முன் அதன் ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று கைநூலில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பழைய பல் பிரஷால் மெழுகுக் களிம்பைத் தேய்த்து எடுங்கள். ஸ்பிரிங்குக்குத் துணியில் தொட்ட ஒயில், அவ்வளவே. உள்ளே ஊற்றினீர்களென்றால் அது புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு காலைக் குளிரில் கூழாகும், தள்ளுத்தட்டு அதில் நீந்தும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் மெகசின் வைக்கிற டப்பாவில் போடுங்கள், துவக்கையும் ரவையையும் தனித்தனியாகப் பூட்டுங்கள். குழாய் மெகசின்காரர்களும் உள் குழாயை வெளியே எடுத்து இதே மாதிரிதான் துடைக்க வேண்டும்.

மாமாவுக்குக் கடைசியில் கச்சேரியில் கேட்டு, லைசன்ஸ் உள்ள கடை மூலமாக சீசெட்டின் ஐந்து ரவைப் பிளாஸ்டிக் மெகசின் ஒன்றுதான் எடுத்தோம். ஐம்பதும் நிற்காமல் போனது. கறுப்பு பிளாஸ்டிக் அவருடைய வால்நட் கட்டைக்குப் பொருத்தமில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பழைய தகரக் கூட்டையும் எறிய விடவில்லை. அதில் மட்டும் நான் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன்.